கோழி அடைக்கும் நேரம்

அப்பத்தா எந்த வீட்டு விசேஷத்திலும் இருட்டும்வரை இருந்து நான் பார்த்ததில்லை. பந்தி நடந்துகொண்டிருக்கும், மொய் எழுதுகிற இடத்தில் பெயரைக் கூவிக்கொண்டிருப்பார்கள். பந்தல் நிழல் நீண்டு எதிர்வீட்டுத் திண்ணையைத் தொட்டதும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். “கோழி அடைக்கணும்த்தா, வாரேன்.” அதற்குமேல் யாரும் இழுத்துப் பிடிக்க மாட்டார்கள். பால் கறக்கணும் என்று கிளம்புகிறவளிடம் மகன் கறக்க மாட்டானா, உட்காரு என்று சொல்லலாம். கோழிக்கு அப்படிச் சொல்ல முடியாது. பத்துக் கோழி இருக்கிற வீட்டில் பத்தும் வந்துவிட்டதா, வராதது எது, அது எந்த வேலிக்குள் நிற்கும் என்று தெரிந்தவள் ஒருத்திதான் இருப்பாள்.

அந்த வார்த்தையை அவள் சாக்காகவும் வைத்திருந்தாள் என்பது எனக்குப் பின்னாளில்தான் உறைத்தது. ஆகாத சம்பந்தி வீட்டில் சூரியன் தென்னை உயரத்தில் நிற்கும்போதே அவளுக்குக் கோழி நினைவு வந்துவிடும். சாக்கு என்று எல்லோருக்கும் தெரியும். மறுத்துப் பேசத்தான் வழியில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சிவகங்கைச் சீமையில் இருக்கும் அந்த வீட்டுக்கே திரும்பினேன். மச்சுப்படிக்கு அடியில் இருந்த அப்பத்தாவின் கோழிக்கூடு இல்லை. படியை இடித்துக் கட்டியபோது அதுவும் போயிருந்தது. சந்தையில் ஏழு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினேன். கூடு வேண்டுமென்று ஒரு வெல்டிங் பட்டறையில் சொன்னேன். இரும்புச் சட்டம், கம்பி வலை, மேலே தகரம், உள்ளே பழைய கதவுப் பலகைகளை அறுத்துச் சேர்த்த தட்டு, கோழி உட்கார இரண்டு மரச்சட்டம். பூட்டுப் போடுகிற மாதிரித் தாழ்ப்பாள். “சிறுத்தை வந்தாலும் உடைக்க முடியாது சார்” என்றார் பட்டறைக்காரர். எங்கள் பக்கம் சிறுத்தை வருவதில்லை. அன்று சாயங்காலம் எட்டும் அந்தக் கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டன.

கோழி மரத்தில் ஏறுவதில் தப்பில்லை. அதன் பூர்விகம் அது. செங்காட்டுக்கோழிதான் வீட்டுக்கோழியின் மூதாதை. அதிலும் தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பக்கத்துக் கிளையினத்திலிருந்துதான் பெரும்பாலும் வந்தது என்று 2020-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று சொல்கிறது. நம் மலைகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டார்கள். காட்டில் இவை இரண்டுமே இரவில் கிளையில்தான் அடைகின்றன. கூடு என்பது நம் யோசனை. கோழியின் காலுக்கு இன்னும் கிளைதான் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் காட்டு மரம் வேறு, கொல்லை முருங்கை வேறு. எட்டடி உயரத்தில் தொட்டால் முறிகிற கொப்பு. பக்கத்திலேயே மதில். மூன்றாம் நாள் விடிந்தபோது ஏழுதான் இறங்கின. மரத்தடியில் சிறகு இல்லை. மதிலின் மேலே, உடைந்த கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே, செவலைப் பெட்டையின் இரண்டு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ந்திருந்த ரத்தம் ஒரு சொட்டு, குங்குமப்பொட்டு அளவுக்கு. அவ்வளவுதான். ஒன்றரைக் கிலோ உயிர் ஒரு சத்தமும் இல்லாமல் போயிருந்தது. நான் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் தூங்கினேன்.

தெருவில் எல்லோரும் கீரி என்றார்கள். கோழி காணாமல் போனால் எங்கள் ஊரில் முதலில் கீரியின் தலையில்தான் பழி விழும். கீரி பகல்காரன். பொழுது அடையும்போது அதுவும் வளைக்குள் போய்விடும். ராத்திரிக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மரநாய் ஓட்டு முகட்டில் நடக்கும், மரத்திலும் நடக்கும். பெருச்சாளி கீழே மண்ணைத் தோண்டி வந்து குஞ்சைக் கடிக்கும். பாம்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். நரி இப்போது அபூர்வம், அதன் வேலையைத் தெருநாய்கள் எடுத்துக்கொண்டன. பிறகு வெருகு என்கிற காட்டுப்பூனை. கண்மாய்க்கரை நாணலிலிருந்து இறங்கி வேலியோரமாகவே வரும். காதின் நுனியில் கொஞ்சம் கருமயிர், வாலில் வளையம். என் செவலையை வெருகுதான் கொண்டுபோனது என்பது எதிர்வீட்டு அயித்தையின் தீர்ப்பு. நாயாக இருந்தால் கொல்லை முழுக்க இறகு பறந்திருக்கும் என்றாள்.

வெருகு என்றதும் எனக்கு ஒக்கூர் மாசாத்தியார் நினைவுக்கு வந்தார். ஒக்கூர் இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். அந்த ஒக்கூர்தான் அவருடையது என்பார்கள், ஊர்க்காரன் என்ற முறையில் நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். மகனைப் போருக்கு அனுப்பும் தாயைப் பாடிய புறநானூற்றுப் புலவராகத்தான் பாடப்புத்தகங்கள் அவரைத் தெரிந்துவைத்திருக்கின்றன. குறுந்தொகையின் 139-ஆம் பாட்டும் அவருடையதே. அதில் வீட்டில் வளர்கிற ஒரு பேடைக்கோழி வருகிறது. குட்டையான கால் என்பதைக்கூட விடாமல் சொல்கிறார். மாலை நேரம், வேலிப் பக்கம் வெருகு வந்துவிட்டது. எங்கே நுழைவது என்று பேடைக்குத் தெரியவில்லை. குஞ்சுகளை ஒன்றாகச் சேர்க்கக் கூவிக் கூவி அழைக்கிறது. பரத்தையிடமிருந்து திரும்பி வரும் தலைவனோடு கூடவே வருகிற ஊர்ப்பேச்சு அந்தக் கூவலைப் போல இருக்கிறதாம். அதனால் எங்கள் தெருவுக்கு வராதே என்று தோழி கதவை மறிக்கிறாள்.

உரைகளில் இந்த உவமையைத் தாண்டி ஊர்ப்பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்கு, செவலை போன மறுநாள், அந்தப் பேடையைத் தாண்டிப் போக முடியவில்லை. இந்தப் பாட்டை எழுதியவர் கோழி அடைக்கும் நேரத்தில் கொல்லையில் நின்றிருக்கிறார். உள்ளே போக இடம் தெரியாத கோழியின் குரல் மற்றக் குரல்கள் மாதிரி இருக்காது. முட்டையிட்ட பிறகு கேறுவது வேறு, பருந்தைக் கண்டு எச்சரிப்பது வேறு. இது அடித்தொண்டையிலிருந்து வருகிற ஓர் இழுவை. அந்த வித்தியாசம் தெரிந்தவர் ஆணுக்குக் கதவை அடைக்கிற ஒரு பாட்டுக்குள், கதவே இல்லாத ஒரு கோழியை நிறுத்தியிருக்கிறார்.

அடைதல் என்று கோழிக்குச் சொல்கிறோம். அடைத்தல் என்று நமக்குச் சொல்கிறோம். நடுவில் ஓர் ஒற்றுத்தான். இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று பத்து மதிப்பெண்ணுக்குப் படித்தது. கோழி அடையாமல் நான் எதை அடைப்பது? அன்றிலிருந்து ஒரு மாதம் எனக்கு அந்த ஒற்றைத் தாண்டுகிற வேலைதான்.

ஊரில் தெரிந்த வழிகளையெல்லாம் செய்தேன். நாலு நாள் கூட்டை விட்டு வெளியே விடாமல் உள்ளேயே தீனியும் தண்ணீரும் வைத்தேன். புது இடத்துக் கோழியை இப்படி அடைத்துப் போட்டால்தான் இது தன் வீடு என்று பழகும். பிறகு சாயங்காலம் திறந்து, ஒரு மணி நேரம் மேயவிட்டு, கம்பைக் கூட்டுக்குள் தூவி “பா... பா... பா...” என்று கூப்பிட்டேன். என் குரலில் அப்பத்தாவின் குரல் கேட்டது. கம்பைப் பொறுக்க எல்லாம் உள்ளே வந்தன. பொறுக்கி முடித்ததும் வரிசையாக வெளியே போயின.

விரட்டிப் பிடிப்பது மட்டும் கூடாது. வெளிச்சத்தில் ஒரு கோழியை விரட்டினால் மற்ற ஆறும் கூட்டையே பகையாக நினைக்கும். இருட்டிய பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உள்ளே வைப்பதுதான் முறை. இருட்டில் கோழி திமிறாது. நமக்கு நிறம் தெரிய மூன்று வகைக் கூம்புச் செல்கள் என்றால் கோழிக்கு நான்கு. புற ஊதாக்கூட அதற்குத் தெரியும். பகலில் அது பார்க்கிற கொல்லை நான் பார்க்கிற கொல்லையைவிட வண்ணமானது. அந்தச் செல்வமெல்லாம் பொழுது இறங்கியதும் செல்லாக்காசு. மங்கலில் உதவுகிற பார்வை அதற்குக் குறைவு. அதனால்தான் அந்த அவசரம். மண்டையோட்டுக்கு உள்ளே இருக்கும் பினியல் சுரப்பிகூடக் கோழிக்கு வெளிச்சத்தைத் தானாகவே உணரும் என்கிறார்கள். மணி பார்க்காமல் அது மணி தவறாததற்கு அந்தக் கண்ணும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முருங்கையில் ஏணி சார்த்தி, அரைத்தூக்கத்தில் இருக்கும் கோழியைச் சிறகோடு சேர்த்து அணைத்து இறக்குவேன். மார்புக்கு அடியில் கையை விட்டால் அடுப்பங்கரைச் சூடு. விரல்கள் கொப்பை விட மாட்டா. ஒவ்வொரு நகமாக எடுத்துவிட வேண்டும். ஒரு குழந்தை தூக்கத்தில் நம் சட்டையைப் பிடித்திருக்குமே, அதே பிடி. கூட்டுக்குள் சட்டத்தில் வைத்ததும் கால் தானாகப் பற்றிக்கொள்ளும். இரண்டு வாரம் இப்படி ராத்திரிதோறும் ஏழு தடவை ஏணி ஏறினேன். அறுபது வயதில் இது கொஞ்சம் அதிகம்தான். மூன்றாம் வாரம் நாலு கோழி தானாகக் கூட்டுக்குள் போயின. ஜெயித்துவிட்டேன் என்று எதிர்வீட்டில் போய்ச் சொன்னேன். நாலாம் வாரம் அந்த நாலில் சேவலைத் தவிர மற்றவை மறுபடி முருங்கைக்கே போயின.

“கூட்டுக்குள்ள கைய வச்சுப் பாத்தியா மாப்ள?” என்றாள் அயித்தை. பார்க்கவில்லை என்றேன். “பகல்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. ராத்திரி போயிப் பாரு. கோழிக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

பத்து மணிக்கு டார்ச்சோடு போனேன். உள்ளே சேவல் மட்டும் இருந்தது. அது தூங்கவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. சட்டமும் கதவுப் பலகையும் சேருகிற இடத்தில் வெளிச்சத்தை அடித்தேன். அந்த இடுக்கு அசைந்தது. மிளகாய்ப்பொடி கொட்டியதுபோல இருந்தது, ஆனால் பொடி நடந்தது. கட்டைவிரலால் தேய்த்தபோது பலகையில் ஈரமாகச் சிவப்புக் கோடு விழுந்தது. அது சேவலின் ரத்தம். என் மணிக்கட்டில் ஊர்வதை அப்புறம்தான் உணர்ந்தேன்.

செள்ளு. கோழிப்பேன் வேறு, இது வேறு. பேன் கோழியின் உடம்பிலேயே குடியிருக்கும். செள்ளுக்கு வீடு கூடுதான். பகலெல்லாம் மர இடுக்கில் பதுங்கிக் கிடந்து, கோழி அடைந்து இருட்டிய பிறகு வந்து குடித்துவிட்டு, விடியுமுன் திரும்பிவிடும். ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பசியில் சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. நம் வெக்கைக்கு முட்டை ஒரு வாரத்தில் முழுச் செள்ளாகிவிடும். ரத்தமே கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். நான் ஆசையாக அறுத்துச் சேர்த்த கதவுப் பலகைகளில் எத்தனை இடுக்கு இருந்ததோ அத்தனையும் அதற்கு வீடு.

வெருகுக்காக நான் பூட்டுப் போட்டிருந்தேன். கோழிகளை உள்ளே வைத்துப் பூட்டினால் காலைவரை வெளியேற வழி இல்லை. உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். வெளியே இருப்பது எப்போதாவது வந்து ஒன்றைத் தூக்கும். இரண்டில் எது பரவாயில்லை என்று அந்தக் கோழிகள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. நான் அதைக் கோழிக்குப் புத்தி இல்லை என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வீட்டை விட்டு ஓடிப்போன பெண்ணைப் பற்றி ஊர் பேசும்போதும், விடுதியிலிருந்து சுவரேறிக் குதித்த பையனைப் பற்றிப் பேசும்போதும் நானும்தான் கூடச் சேர்ந்து வெளியே என்னவெல்லாம் இருக்கிறது என்று பட்டியல் போட்டிருக்கிறேன். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தீர்களா என்று கேட்டதாக நினைவில்லை.

மறுநாள் பலகை எல்லாவற்றையும் பெயர்த்து எரித்தேன். சடசடவென்று வெடித்தது. இரும்புச் சட்டத்தைத் தீயில் வாட்டினேன். சுற்றுச்சுவரைச் செங்கல்லில் எழுப்பி, பூசி, சுண்ணாம்பில் வேப்பெண்ணெய் கலந்து இரண்டு கை அடித்தேன். தரைக்குக் கல் பாவினேன், பெருச்சாளிக்காக. அப்போதுதான் அப்பத்தாவின் கூடு எனக்கு விளங்கியது. அது மண்சுவர். வாரம் ஒருமுறை வீடு மெழுகும்போது கூட்டையும் உள்ளே கைவிட்டு மெழுகிவிடுவாள். சுத்தத்துக்கு என்று நினைத்திருந்தேன். சாணிப்பால் ஒவ்வொரு விரிசலையும் அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. வாசலுக்கு ஒரு பலகை, பலகைக்கு முட்டுக் கொடுக்க உடைந்த அம்மியின் பாதி. பூட்டு இல்லை. அந்தக் கூட்டில் கோழி திருடு போனதுண்டு. கோழி அடைய மாட்டேன் என்று நின்றதாகக் கேள்விப்பட்டதில்லை. மண்கூடுதான் உசத்தி என்று இதை யாரும் படிக்க வேண்டாம். மெழுகுவதற்கு வாரம் ஒருமுறை ஒருத்தியின் முதுகு வேண்டும். அந்த முதுகை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இன்னொன்றையும் மாற்றினேன். என் கூட்டின் வாசல் கிழக்கு பார்த்திருந்தது, வாஸ்துவுக்காக. சாயங்காலம் கொல்லையெல்லாம் மஞ்சள் வெளிச்சமாக இருக்கும்போது கூட்டுக்குள் கன்னங்கரேல் என்றிருக்கும். மங்கலில் பார்வை போகிற ஒரு பறவை, வெளிச்சத்தை விட்டு எதற்காக இருட்டுக்குள் போகும்? வாசலை மேற்கே திருப்பினேன். கடைசி வெயில் சட்டத்தின் மேல் விழுந்தது. சட்டம் தெரிந்தது. இரண்டு விரற்கடை அகலத்தில், முனை மழுக்கி, எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கும்படி வைத்தேன். உயரம் மாறினால் உச்சிக்கு அடிபிடி நடக்கும்.

ஒரே உயரம் என்றாலும் சண்டை இல்லாமல் இல்லை. நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துக் குறித்துவைத்து, எது எதைக் கொத்தும் என்ற வரிசையை 1920-களின் தொடக்கத்தில் எழுதினார். என் கொல்லையிலும் அந்த வரிசை உண்டு. கறுப்புப் பெட்டை முதலில் ஏறிச் சுவரோரத்தைப் பிடிக்கும். அதன் பக்கத்தில் சேவல். வெள்ளைதான் கடைசி. மற்ற எல்லாம் உட்கார்ந்து, நகர்ந்து, முனகி, அடங்கிய பிறகே அதற்கு இடம். முன்னாலேயே போனால் தலையில் ஒரு கொத்து விழும். ஆகவே வெள்ளை வாசலிலேயே நிற்கும். அது உள்ளே போகாமல் நிற்பதற்குக் காரணம் வெருகும் அல்ல, செள்ளும் அல்ல. சொந்தக்காரர்கள்.

நாமக்கல் பக்கம் முட்டைப் பண்ணைகளில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அங்கே சாயங்காலமே கிடையாது. கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்கு ஒரு ஏ4 தாள் அளவு இடம்கூட இராது. முட்டைக்காகப் பகலைப் பதினாறு மணி நேரமாக விளக்குப் போட்டு நீட்டுவார்கள், சுவிட்சைத் தட்டினால் இரவு. ஏறி உட்காரச் சட்டம் இல்லை, போவதா வேண்டாமா என்று வாசலில் நிற்க வாசல் இல்லை. அந்தக் கோழிகளை யாரும் அடைப்பதில்லை, அவை அடைவதும் இல்லை. நான் காலையில் தின்கிற ஆம்லெட் பல நாள் அங்கேயிருந்துதான் வருகிறது. அதனால் இதற்குமேல் நான் பேசக்கூடாது.

இப்போது ஆறே கால், ஆறரைக்கு நான் கொல்லையில் இருக்க வேண்டும். மார்கழியில் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே. போன மாதம் மதுரையில் ஒரு நண்பரின் புத்தக வெளியீடு, மாலை ஆறு மணிக்கு. வாழ்த்திப் பேசக் கூப்பிட்டார். கோழி அடைக்கணும் என்றேன். சிரித்தார், வேறு காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இருந்ததும் உண்மைதான், புத்தகம் அப்படி. ஆனால் கோழியும் உண்மை. அப்பத்தா சாகும்வரை ராமேஸ்வரம் போனதில்லை. எல்லோரும் வேன் பிடித்துப் போனபோதெல்லாம் ஒரு ராத்திரி தங்க வேண்டியிருக்கும் என்று நின்றுகொண்டாள். அது சாக்கா, உண்மையா என்று கேட்க இப்போது ஆளில்லை.

பூவரசின் மேல் காகங்கள் அடங்கிவிட்டன. கறுப்பு உள்ளே போயாயிற்று. சேவல், இரண்டு புள்ளி, சாம்பல், குட்டைவால். ஐந்து, ஆறு. வெள்ளை வாசலில் ஒரு காலை உள்ளே வைத்து ஒரு காலை வெளியே வைத்து நிற்கிறது. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கிறது. உள்ளே இன்னும் ஒரு முனகல் அடங்கவில்லை. நான் பலகையைக் கையில் பிடித்திருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே கொசு பிடுங்குகிறது, அசைந்தால் வெள்ளை மிரண்டுவிடும்.